ஃப்ரீஸ் டிரையரா, மொட்டை மாடி வெயிலா? நெல்லைச் சீமையில் எதை எதில் உலர்த்துவது

வீட்டுக்கென்று செய்யப்படும் ஒரு ஃப்ரீஸ் டிரையரின் விலைக்கு, தட்டு அடுக்கிய சாதாரண மின் உலர்த்தி பத்துக்கு மேல் வாங்கிவிடலாம். வெயிலுக்கு விலையே கிடையாது. ஆனாலும் பலாச்சுளையின் நிறமும் மணமும் வடிவமும் குலையாமல், விரலில் அமுக்கினால் நொறுங்கும் பதத்துக்கு உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைக்க, வீட்டில் செய்யக்கூடிய வேறு வழி இல்லை. அதனால் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன், எதை உலர்த்தப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் ஸ்ட்ராபெரியையும் ஐஸ்கிரீமையும் விட்டுவிட்டு, குற்றாலம் முதல் உவரி வரை விளைவதையும் பிடிப்பதையும் சமைப்பதையும் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

இயந்திரம் என்ன செய்கிறது

பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமல் நேரே ஆவியாக வேண்டுமென்றால், சுற்றியுள்ள அழுத்தம் சுமார் 6 மில்லிபாருக்குக் கீழே இருக்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஆயிரம் மில்லிபாரை ஒட்டியது. ஃப்ரீஸ் டிரையர் முதலில் உணவைக் கட்டியாக உறைய வைக்கிறது. பிறகு வேக்குவம் பம்ப், உள்ளறையின் அழுத்தத்தை 0.7 மில்லிபாருக்கும் கீழே கொண்டுபோகிறது. இயந்திரத்தின் திரையில் இது 500 மில்லிடார் (அழுத்தத்தை அளக்கும் இன்னொரு அலகு) என்று தெரியும். அதன்பின் தட்டுக்கு அடியிலுள்ள ஹீட்டர் மெல்லச் சூடேற்ற, உணவிலுள்ள பனி ஆவியாகிக் கிளம்பி, கடுங்குளிரிலிருக்கும் உள்ளறைச் சுவரில் மறுபடி பனியாகப் படிந்துவிடுகிறது.

வெயிலிலும் சூடான காற்றிலும் உலரும்போது தண்ணீர் உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வரும். அதோடு சதை சுருங்கும், சர்க்கரையும் உப்பும் மேலே வந்து இறுகும். ஃப்ரீஸ் டிரையரில் பனி இருந்த இடமெல்லாம் வெற்றுக் குழியாக நின்றுவிடுவதால் துண்டு சுருங்காது. கொதிநீர் ஊற்றினால் சில நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். நன்றாக உலர்ந்த பண்டத்தில் மிஞ்சும் ஈரம் 1 முதல் 4 சதவீதம். வெயிலில் காய்ந்த வத்தலில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

இந்த இயந்திரம் செய்யாத வேலை ஒன்று உண்டு. கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். பச்சை மீனைப் போட்டால் வெளியே வருவதும் பச்சை மீன்தான். தண்ணீர் பட்டதும் கிருமி விழித்துக்கொள்ளும்.

நம்ம ஊர்ச் சூட்டில் என்ன ஆகும்

விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். இந்த இயந்திரங்கள் 10 முதல் 24 டிகிரி வரையுள்ள அறையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அறை 32 டிகிரியைத் தாண்டினால் கம்ப்ரஸர் திணறும், உள்ளறைச் சுவர் போதுமான குளிருக்கு இறங்காது, பனி பிடிக்க வேண்டிய ஆவி பம்புக்குள் போய் எண்ணெயில் கலக்கும். சித்திரையில் பாளையங்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ நண்பகல் சூடு 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். இயந்திரமே ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூட்டை அறைக்குள் கக்கும். கதவடைத்த சின்ன அறையில் வைத்தால் தன் சூட்டிலேயே தவிக்கும். ஆக, ஏ.சி. அறை இல்லாமல் கோடையில் ஓட்ட முடியாது. அந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தர அளவு இயந்திரம் ஒன்று ஒரு தடவைக்கு 4 முதல் 6 கிலோ பச்சைப் பண்டம் ஏற்கும். முடிய 24 முதல் 40 மணி நேரம் ஆகும். 4 கிலோ பலாச்சுளை போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். மணிக்குச் சராசரியாக 1.2 யூனிட் என்று வைத்தால் 30 மணி நேரத்துக்கு 36 யூனிட். ஒரு டன் ஏ.சி. அதே நேரத்துக்கு ஏறக்குறைய 20 யூனிட் இழுக்கும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று போட்டால், ஒரு கிலோ உலர்பலாவுக்குக் கரண்ட் மட்டுமே 500 ரூபாயைத் தொடும். பழம், பை, பம்ப் எண்ணெய், தேய்மானம் எல்லாம் தனி. அதே சுளையை மின் உலர்த்தியில் 55 டிகிரியில் 10 மணி நேரம் வைத்தால் 8 யூனிட்டுக்குள் முடியும். தோல்போல வளையும் பலா கிடைக்கும். அதுவும் ருசிதான், ஆனால் வேறு பண்டம்.

அடுத்தது மின்தடை. பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்துவது எல்லா ஊருக்கும் உண்டு. ஃப்ரீஸ் டிரையர் ஒன்றரை நாள் இடைவிடாமல் ஓட வேண்டியது. பத்து நிமிடம் போனால் தாங்கும். நான்கைந்து மணி நேரம் போனால் சுவரிலுள்ள பனி உருகும், வேக்குவம் கசியும், பாதி உலர்ந்த துண்டு ஈரத்தை மறுபடி குடித்துச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் இந்தப் பாரத்தை அவ்வளவு நேரம் இழுக்காது. மின்வாரிய அறிவிப்பைப் பார்த்து, தடை முடிந்த அன்று சாயங்காலம் ஓட்டத் தொடங்குவதே வழி. எதிர்பாராமல் நீண்ட தடை வந்தால், பண்டத்தை உடனே டீப் ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெயிலே ஜெயிக்கும் பண்டங்கள்

சுண்டங்காய், மிளகுதக்காளி, சீனியவரைக்காய், மோர் மிளகாய், கூழ் வடகம். இவற்றுக்கு ஃப்ரீஸ் டிரையரை நினைக்கவே வேண்டாம். காரணம் செலவு மட்டுமல்ல. சுண்டங்காயை லேசாகத் தட்டி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து சொளகில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட்டு, மூன்று நாள் இப்படி மோர் முழுதும் காய் குடித்த பிறகே கலகலவென்று காய விடுகிறோம். அந்த மூன்று நாளும் மோர் புளிக்கிறது, கசப்பு மட்டுப்படுகிறது, காய் சுருங்கிச் சுருங்கி உப்பும் புளிப்பும் செறிகிறது. எண்ணெயில் போட்டதும் வரும் வாசனை அந்தச் செறிவிலிருந்து வருவது. ஃப்ரீஸ் டிரையரில் சுருங்காமல் உலர்ந்த சுண்டங்காய் பஞ்சாக இருக்கும், எண்ணெயை உறிஞ்சும், கண் இமைக்குமுன் கருகும்.

மிளகாய் வத்தலும் வெயிலுக்கே உரியது. ஆனால் மண்ணிலும் ரோட்டிலும் பரப்பி, இரவுப் பனியில் நனையவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் இழுத்துக் காயவைத்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு ஊறும். கழுவினாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வலைத்தட்டு, சாயங்காலம் மூடத் தார்ப்பாய், இந்த இரண்டும் இருந்தாலே பாதி ஆபத்து விலகும்.

இங்கே ஒரு வசதி உண்டு. ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது, மலை மறைவில் இருக்கும் கயத்தாறு, வள்ளியூர்ப் பக்கம் மேல்காற்று சுழற்றி அடிக்கும். அந்தக் காற்றுதான் அங்கே காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஈரத்தையும் வேகமாக இழுக்கும், புழுதியையும் கொண்டுவரும். வலையோ மெல்லிய துணியோ மூடியிருந்தால் பங்குனி வெயிலுக்குச் சமமான வேலை நடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வெயிலை நம்பி எதையும் நறுக்கக் கூடாது.

வெயிலோடு கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் சோலார் கூடாரம் போடலாம். பாலிகார்பனேட் ஷீட் போட்ட கூடாரத்தில் உள்சூடு 50, 60 டிகிரி வரும். ஈ, தூசி கிடையாது. திறந்த வெயிலில் ஆகும் நாளில் பாதியில் முடியும். பெரும்பாலோர் செய்யும் தப்பு, மேலே காற்று வெளியேற வழி வைக்காதது. ஈரக்காற்று உள்ளேயே நின்று, இரவில் ஷீட்டின் அடியில் முத்துமுத்தாகக் கோத்து, பண்டத்தின் மேலேயே சொட்டும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், கீழே வலை போட்ட காற்றுத் துளை இரண்டும் வேண்டும். புளிப்புள்ள நெல்லிக்காய்க்கும் எலுமிச்சைக்கும் தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. வலையைப் புளிப்பு அரித்துவிடும்.

மின் உலர்த்தி போதுமானவை

முருங்கைக்கீரைப் பொடிதான் இதில் முதல். ஃப்ரீஸ் டிரையரில் பச்சை நிறம் அப்படியே நிற்கும், வைட்டமின் சி-யும் கூடுதலாகத் தங்கும். ஆனால் முருங்கைக்கீரையை எதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்த இரும்பும் கால்சியமும் சூட்டில் எங்கும் ஓடிவிடாது. நன்றாகக் கழுவி, ஈரம் வடித்து, உருவிய இலையை 45, 50 டிகிரியில் வைத்தால் ஆறேழு மணி நேரத்தில் கையில் கசக்கினால் தூளாகும். நிழலில் காயவைத்தாலும் சரிதான். கறிவேப்பிலைக்கும் இதே கணக்கு.

பாவூர்சத்திரம் சந்தையில் விலை சரியும் நாளில் வாங்கும் தக்காளிக்கும் மின் உலர்த்தி போதும். 10 கிலோவில் 600 கிராம்தான் மிஞ்சும், மற்றதெல்லாம் தண்ணீர். அவசரப்பட்டு 70 டிகிரி வைத்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். வெளியே காய்ந்தது போலத் தோன்றும் துண்டு உள்ளே ஈரமாக இருந்து, டப்பாவில் இரண்டாம் வாரம் பூசணம் பூக்கும். 55, 60 டிகிரியில் பொறுமையாக விட்டால் இந்தத் தொல்லை வராது.

ஃப்ரீஸ் டிரையர் ஜெயிக்கும் இடம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து குவியும். இந்தப் பழங்களின் மணம் சூட்டில் நிற்பதே இல்லை. மின் உலர்த்தியில் மங்குஸ்தான் சுளை பழுப்பாகி வெறும் இனிப்பாக நிற்கும். ஃப்ரீஸ் டிரையரில் வெள்ளை மாறாமல், வாயில் போட்டால் கரையும். அந்த நேரத்தில் தென்காசிப் பக்கம் அறைச்சூடும் தானே குறைந்திருக்கும் என்பதால் ஏ.சி.க்கு வேலை குறைவு. அதே சாரல் பையில் அடைக்கும்போது எதிரியாகிவிடும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பலா, மாம்பழம், நாவல்பழம் மூன்றும் நல்ல பலன் தரும். நாவல்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிளந்துதான் வைக்க வேண்டும். முழுதாக வைத்தால் தோல் ஆவியை அடைத்து, வேக்குவத்தில் வெடித்துத் தட்டெல்லாம் தெறிக்கும். புளியங்குடி எலுமிச்சையை 5 மில்லிமீட்டர் வில்லையாக நறுக்கி வைத்தால் அழகாக உலரும். சாறாகப் பிழிந்து ஊற்றினால் பொங்கும், உலர்ந்ததும் காற்றுப் பட்ட உடனே பிசுக்காகும். பதநீர், தேன், பாகு எதுவும் இதில் உலராது. சர்க்கரை செறிந்த கரைசல் வீட்டு இயந்திரம் தரும் குளிரில் முழுதாக இறுகாமல், வேக்குவத்தில் நுரைத்து எழும்பும்.

அல்வாவும் அப்படித்தான். நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த பண்டத்தில் உலர்த்த அதிகத் தண்ணீரே இல்லை. நாற்பது மணி நேரம் கழித்து எடுத்தாலும் அல்வாவாகவே இருக்கும்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சாம்பார், கூட்டு, ரசம் அனுப்பத்தான் பலர் இந்த இயந்திரத்தைத் தேடுகிறார்கள். இதற்கு இது உண்மையிலேயே பொருத்தம். தாளிப்பு எண்ணெயைப் பாதிக்கும் கீழே குறைத்து, முருங்கைக்காய்ச் சக்கைக்குப் பதில் அதன் உட்சதையை வழித்துப் போட்டு, தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். தட்டோடு போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் எடை குறித்துக்கொள்வது முக்கியம். 3 கிலோ சாம்பார் 450 கிராம் ஆனது என்றால், 100 கிராம் தூளுக்குச் சுமார் 570 மில்லி கொதிநீர். அந்தக் கணக்கைப் பையின் மேலேயே எழுதிவிட்டால், சமைக்கத் தெரியாத பிள்ளையும் பதம் தப்பாமல் செய்வான்.

சொதியை மட்டும் அப்படியே போடக்கூடாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு உலர்வதில்லை. எண்ணெய்ப் படலமாக நின்று, சில மாதத்தில் காறல் வாசம் அடிக்கும். காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவைத்துத் தனியே உலர்த்தி, தேங்காய்ப்பால் பவுடரை வேறு பையில் கொடுத்தால் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

மீன் விஷயத்தில் உவரி, கூத்தங்குழிக் கருவாட்டை இயந்திரத்தால் செய்ய முடியாது. கருவாட்டின் ருசி உப்பில் மீன் பக்குவப்படுவதில் இருக்கிறது. இறாலை மூன்று நிமிடம் கொதிநீரில் வேகவைத்து ஆறவிட்டு உலர்த்தினால், ஊறியதும் புது இறால் போலவே வரும். சாளை போன்ற எண்ணெய் மீன் வேண்டாம்.

இதற்கெல்லாம் டீப் ஃப்ரீசரே போதாதா என்று கேட்டால், ஆறு மாதத்துக்குள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தீர்க்கப்போகிற குடும்பத்துக்குப் போதும். தேங்காய்த் துருவல், மீன், பலாச்சுளை எல்லாம் அதில் நன்றாக நிற்கும், முதலும் கொஞ்சம்தான். ஆனால் தபாலில் அனுப்ப முடியாது, வருஷம் முழுக்கக் கரண்ட் வேண்டும்.

ஓட்டும் முறை

காய்களை முதலில் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுக்கவும். இல்லாவிட்டால் நொதிகள் உயிரோடு இருந்து, பையில் கிடக்கும்போதே வைக்கோல் வாசம் வரும். பழத்துக்கு இது வேண்டியதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் நறுக்காமல், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, வீட்டு டீப் ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்துவிடுங்கள். இதனால் இயந்திரத்தில் பல மணி நேரம் மிச்சமாகும். மெதுவாக உறையும்போது பனிப்படிகம் பெரிதாக வளரும், அதனால் ஆவி வெளியேறும் வழியும் அகலமாகும்.

கதவைச் சாத்துமுன் ரப்பர் கேஸ்கெட்டைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கறிவேப்பிலை நரம்பு ஒட்டியிருந்தாலே வேக்குவம் ஏறாது. உருகிய தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வு முழுதாக மூடியிருக்க வேண்டும். பம்பின் கண்ணாடி வழியே எண்ணெய் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் ஓட்டலாம். வடித்த கஞ்சி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டினால் அழுத்தம் இறங்காது, பம்பும் துருப்பிடிக்கும். எண்ணெய் வேண்டாத பம்ப் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. இந்த வேலை பிடிக்காதவர்கள் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

முடிந்தது என்று திரை சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். நடுத் தட்டின் நடுவிலுள்ள மிகத் தடித்த சுளையை எடுத்து இரண்டாக உடைத்து, உடைந்த பக்கத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் சாதாரணமாக இருக்க, நடுவில் கடுகளவு சில்லிப்புத் தட்டினால் உள்ளே பனி இருக்கிறது. தட்டை எடைபோட்டு, இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டி, மறுபடி எடைபோட வேண்டும். எடை மாறாவிட்டால்தான் உலர்ந்தது என்று அர்த்தம்.

தட்டு இளஞ்சூட்டோடு வெளியே வர வேண்டும். குளிர்ந்திருந்தால் நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் வேர்த்துவிடும். சாரல் நாளிலும் அடைமழையிலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பையில் போய்விட வேண்டும். இல்லையென்றால் மொறுமொறுப்பு உங்கள் கண்முன்னே தொய்யும். பைகளை முன்பே எடுத்துவைத்து, ஏ.சி. அறையிலேயே அடையுங்கள். அலுமினியம் படிந்த மைலார் பை, நான்கு லிட்டர் வரையுள்ள பைக்கு 300 சி.சி. ஆக்ஸிஜன் உறிஞ்சி ஒன்று, பையின் வாயைச் சூட்டால் ஒட்டும் ஹீட் சீலர், இவை வேண்டும். சாதாரண பாலித்தீன் பையும் ஜிப் கவரும் காற்றை உள்ளே விடும், சில மாதம்கூடத் தாங்காது.

யார் வாங்கலாம்

வத்தல், வடகம், கீரைப்பொடி, கருவாடு என்று இருக்கும் வீட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டாம். மாடி, வலைத்தட்டு, மழைக்காலத்துக்கு ஒரு மின் உலர்த்தி போதும். சொந்தத் தோட்டத்தில் மங்குஸ்தானோ பலாவோ கழிவாகப் போகிறவர்களும், சமைத்த சாப்பாட்டை வெளியூருக்கு மாதாமாதம் அனுப்புகிறவர்களும் வாங்கலாம். வாரம் இரண்டு தடவையாவது ஓட்டும் வேலை இருக்க வேண்டும். அவ்வளவு வேலை இல்லாதவர்கள் நான்கைந்து குடும்பமாகவோ மகளிர் குழுவாகவோ சேர்ந்து வாங்குவது நல்லது. விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும், வீட்டு மின் இணைப்பில் ஓட்டக்கூடாது. சிறு உணவுத் தொழிலுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்பது விதி. இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

ஹார்வெஸ்ட் ரைட் போன்ற அமெரிக்க இயந்திரங்களை உறவினர் மூலம் தருவிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள வீட்டு மாடல்கள் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த கம்ப்ரஸரும் பம்பும் 50-இல் மெதுவாகச் சுற்றி, அதிகம் சூடாகிக் கெடும். இங்கே வாங்கினாலும் விற்பவர் கடையிலேயே காலி இயந்திரத்தைக் குளிரவைத்து, பம்பைப் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் திரையில் 500 மில்லிடாருக்குக் கீழே இறங்க வேண்டும். முடிந்தால் இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில், மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்யச் சொல்லுங்கள். கேஸ்கெட், பம்ப் எண்ணெய், ஃபில்டர் மூன்றும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ கையிருப்பில் கிடைக்குமா என்பதையும் பில் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.